முதலில் போட்டோ, பிறகு இலை

அக்கா,

இன்று காலை சுகாதார சப்-சென்டரின் பின்கதவைத் திறந்ததும் அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நர்ஸ் பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சிஸ்டர், பின்னாடி எதுவோ செத்துக் கிடக்கு" என்றாள். இருவரும் வேலியோரம் போய்ப் பார்த்தோம். எதுவும் சாகவில்லை. நோனிப் பழங்கள் கனிந்து விழுந்து வெயிலில் வெந்துகொண்டிருந்தன. புளித்த மாவில் கெட்ட தயிரைக் கொட்டி மூடிவைத்தது போன்ற நாற்றம். அவள் குமட்டிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். நான் அங்கேயே நின்றேன். எத்தனை பவுடர் போட்டாலும் உங்கள் மேலிருந்து போகாத வாசம் அல்லவா அது. "நாத்தம்னு சொல்லாதீங்க மிஸ்ஸி, சோறு போடுது" என்பீர்கள். நீங்கள் போன பிறகு எனக்கு அதை இத்தனை பக்கத்தில் முகரக் கிடைத்தது இன்றைக்குத்தான். அதனால் இதை எழுதுகிறேன்.

என்னை இந்தத் தீவில் எல்லோரும் சிஸ்டர் என்பார்கள், வங்காளிகள் தீதி என்பார்கள். மிஸ்ஸி என்று கூப்பிட்டது நீங்கள் ஒருவர்தான். உங்கள் அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து வந்தவர்கள். அங்கே தோட்டத்து ஆஸ்பத்திரி நர்சுக்கு அதுதான் பேர். நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்த உங்களுக்கு அந்தச் சொல்லும் வீட்டுச் சாமானோடு சாமானாகக் கிடைத்திருந்தது. சுனாமியில் கடல் ஏறி வந்த வருஷத்துக்குப் பிறகு நீங்களும் வீட்டுக்காரரும் இங்கே அந்தமானின் ஹேவ்லாக்குக்கு வந்தீர்கள். அவர் ஆட்டோ ஓட்டினார். நீங்கள் போட் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் போகும் சாலையில் தகரக் கூரை போட்டு நோனிக் கடை வைத்தீர்கள்.

நம் ஊர் மஞ்சணத்திக்கு ஒன்றுவிட்ட தம்பி அந்த நோனி. மெயின்லேண்ட் டூரிஸ்டுகளுக்கு அது தேவாமிர்தம். கண்ணாடி ஜாடிகளில் பழத்தைப் போட்டு வெயிலில் வைப்பீர்கள். கறுப்பாகச் சாறு இறங்கும். சர்க்கரைக்கு அதே, மூட்டு வலிக்கு அதே, தூக்கம் வராததற்கும் அதே. "எல்லா சீக்குக்கும் ஒரே ஜாடியில இருந்து ஊத்துதீங்களே அக்கா, மனசு உறுத்தலையா?" என்று ஒருநாள் கேட்டேன். "ஜாடி ஒண்ணுதான் மிஸ்ஸி, குடிக்கிறவங்க வேற வேற ஆளுங்கல்ல?" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு சண்டை போடுவது கஷ்டம். உங்களிடம் எனக்கு எப்போதும் அந்தக் கஷ்டம் இருந்தது.

டூரிஸ்ட் குடிக்கும் சாற்றைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. என் கோபம் கடைக்குப் பின்னால் இருந்த தடுப்பறை மேல்தான். பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிடும்போது அங்கேதான் வருவார்கள். நோனி இலையில் தேங்காயெண்ணெய் தடவி, அடுப்பனலில் வாட்டி, பொறுக்கும் சூட்டில் வைத்துக் கட்டுவீர்கள். கையால் மெதுவாக நீவிவிடுவீர்கள். பால் இறங்கிவிடும். அது உண்மை, நான் மறுக்க மாட்டேன். வெந்நீர்த் துணி வைத்து நீவிவிடு என்று நான் சொல்வதைத்தான் நீங்கள் இலையால் செய்தீர்கள். அதிலேயே நின்றிருந்தால் நமக்குள் வழக்கே இல்லை. ஆனால் பால்கட்டு கரைந்ததைப் பார்த்த பெண்கள், பால் மறந்து எத்தனையோ வருஷமானவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கட்டி என்றால் கட்டிதானே, ஒன்று கரைந்தால் மற்றொன்றும் கரையாதா என்பது அவர்கள் கணக்கு. நீங்களும் அதை நம்பினீர்கள். நம்பாமல் செய்திருந்தால் உங்களோடு நான் பேசியிருக்கவே மாட்டேன்.

சப்-சென்டரில் மாதம் ஒருநாள் பெண்களுக்கென்று வைத்திருப்போம். திரைக்குப் பின்னால் படுக்கவைத்து இரண்டு மார்பையும் அக்குளையும் கையால் தடவிப் பார்த்து, சந்தேகம் என்றால் போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுப்பேன். வருகிறவர்கள் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். திரைப்பக்கம் கையைக் காட்டினால், "அடுத்த தடவை தீதி" என்பார்கள். அவர்களே சாயங்காலம் உங்கள் தடுப்பறையில் ரவிக்கையைக் கழற்றுவார்கள். எனக்கு வயிறு எரியுமா எரியாதா? ஒருநாள் நேராக வந்து கேட்டுவிட்டேன்.

"அக்கா, நீங்க செய்யுதது பாவம். எலை கட்டி எத்தனை மாசம் போக்குதீங்க? அதுக்குள்ள உள்ள என்ன வளருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நான் யாரையாச்சும் உங்ககிட்ட போகாதன்னு சொன்னேனா மிஸ்ஸி? சொல்லுங்க, சொன்னேனா?"

"போன்னும் சொல்லலையே!"

நீங்கள் இலையைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு, "உங்க கை ஐஸ்கட்டி மாதிரி இருக்காம். வர்றதுங்க சொல்லுதுங்க" என்றீர்கள். கோபத்தில் கிளம்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் என் கையை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்கப்புறம் அந்த சூட்டுக் கேமரா வந்தது. மெயின்லேண்டிலிருந்து ஒரு குழு, ஒரு ரிசார்ட்டின் ஹாலை எடுத்து முகாம் போட்டார்கள். தொட மாட்டோம், அமுக்க மாட்டோம், கதிர்வீச்சு இல்லை, உடம்பின் சூட்டைப் படம் எடுத்து மார்பின் ஆரோக்கியத்தைச் சொல்லிவிடுவோம் என்று நோட்டீஸ். என் திரைக்குப் பின்னால் வராத பெண்கள் எல்லாம் கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு போனார்கள். ஏசி ஹாலில் கொஞ்ச நேரம் உட்காரவைத்து உடம்பு ஆறிய பிறகு படம் எடுத்தார்கள். நானும் என்னதான் என்று பார்க்க வந்திருந்தேன். திரையில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஒரு உருவம். உங்கள் முறை வந்தபோது நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு இப்போதும் தெரிகிறது. "ஆல் குட் ஆன்ட்டி" என்றான் படம் எடுத்த பையன். நீங்கள் விட்ட மூச்சின் நீளத்தை நான் அன்றே கவனித்தேன். அதன் அர்த்தம் எனக்கு அன்று புரியவில்லை.

அந்தப் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகனுக்குப் பக்கத்தில் மாட்டினீர்கள். ஒரு வெள்ளைக்காரர் அது என்ன ஓவியம் என்று கேட்டாராம். நம் தீவு மேப் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினார். நான் மட்டும் விடாமல் நச்சரித்தேன். "அது தோலோட சூட்டைத்தான்க்கா பாக்கும். ஆழத்துல இருக்க கட்டி அதுக்குத் தெரியணும்னு இல்ல. மார்ப மெஷின்ல வச்சு எக்ஸ்ரே எடுக்கிற மேமோவுக்கு அது ஈடாகாது." நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள். ஏதோ ஒரு வேலையைச் சாக்கிட்டு எழுந்து போனீர்கள்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பூசை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்த நேரம், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தீர்கள். வாழைப்பழம் கொடுக்க வந்த முகம் இல்லை அது. கதவைச் சாத்தச் சொன்னீர்கள். "மிஸ்ஸி, கை வச்சுப் பாருங்க" என்றீர்கள். என் வீட்டுக் கட்டிலில் படுத்தீர்கள். இடது பக்கம், மேலே, அக்குளை ஒட்டி. கொட்டைப்பாக்கு அளவு. கெட்டியாக, நகராமல் இருந்தது. அதன் மேல் தோல் இலைச் சூட்டில் கறுத்திருந்தது. உங்களுக்கு நீங்களே எத்தனை நாளாகக் கட்டிக்கொண்டிருந்தீர்கள் என்பதை அந்தக் கறுப்பே சொன்னது.

"வலிக்குதாக்கா?"

"வலிச்சா நான் ஏன் உங்ககிட்ட வர்றேன்? பால்கட்டு உயிர் போற மாதிரி வலிக்கும். எத்தனை பேருக்கு நீவியிருக்கேன், எனக்குத் தெரியாதா? இது வலிக்கவே இல்ல மிஸ்ஸி. எலை கட்டுறேன், கேக்கவும் இல்ல, வலிக்கவும் இல்ல. அந்த கேமராக்காரப் பையன் ஒண்ணுமில்லைன்னான். நானும் ஒண்ணுமில்லன்னுதான் நெனைச்சுக்கிட்டேன்."

உங்களைத் திட்டவும் வேண்டும்போல இருந்தது, கட்டிக்கொள்ளவும் வேண்டும்போல இருந்தது. இரண்டும் செய்யாமல் டீ போட்டேன்.

நாளைக்கே போர்ட் பிளேர் போகலாம் என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள். ஆனால் ஜெட்டியை நினைத்துப் பயந்தீர்கள். இந்தத் தீவில் ஒருவர் போட் ஏறினால் எதற்கு ஏறினார் என்று ஊருக்கு மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். நோனிக்காரிக்கே மார்பில் கட்டி, நோனிக்காரியே ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று தெரிந்தால் கடையில் ஈ கூட உட்காராது. நானே வழி சொன்னேன். தங்கை பிரசவத்துக்குப் போவதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அரைகுறையாக ஒப்புக்கொண்டு போனீர்கள்.

மறுநாள் ஜெட்டிக்கு மஞ்சள் புடவையில் வந்தீர்கள். வரிசையில் நின்றோம். நமக்கு முன்னால் காய்கறிக் கூடையோடு சுமித்ரா. வங்காளிப் பெண், உங்கள் பழைய வாடிக்கை. "கஹாங் ஜா ரஹே ஹோ தீதி?" எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டாள். நான் பிரசவக் கதையைத் தொடங்க வாயைத் திறந்தேன். நீங்கள் என் கையை அழுத்திவிட்டு, ஜெட்டி முழுக்கக் கேட்கும்படி, உங்கள் கச்சால் இந்தியில் சொன்னீர்கள்: "சாத்தி மே காண்ட் ஹே. மேரா பத்தா காம் நஹி கியா." என் மார்பில் கட்டி இருக்கிறது, என் இலை வேலை செய்யவில்லை.

டிக்கெட் கிழிக்கிறவர் கிழிப்பதை நிறுத்திவிட்டார். யாரோ சிரித்தார்கள், யாரோ உச்சுக்கொட்டினார்கள். சுமித்ராவின் கை மட்டும் தன்னையறியாமல் ரவிக்கைமேல் போயிற்று. போன வாரம் நீங்கள் அவளுக்குக் கட்டிவிட்ட இலையின் நுனி ரவிக்கை விளிம்பில் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் நீங்கள் அப்படிச் சொன்னீர்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்குப் போய் அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு அடுத்த போட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு என்று அவளிடம் சொன்னீர்கள். கெஞ்சினீர்கள் என்றே சொல்ல வேண்டும்.

போட்டில் ஏறி உட்கார்ந்தோம். பிறகு, "அவளுக்கு ஏதாச்சும் இருந்துச்சுன்னா நான் என்னா செய்வேன் மிஸ்ஸி?" என்றீர்கள். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மொதல்ல ஒங்களைப் பாப்போம்க்கா" என்று கடுப்பாகச் சொன்னேன். கடுப்பு மேலுக்குத்தான்.

மேமோ எடுத்துவிட்டு வெளியே வந்ததும், "சப்பாத்திக் கட்டையில வச்சு அமுக்குற மாதிரி அமுக்குறாங்க. ஆனா சட்டுனு முடிஞ்சிருச்சி. இதுக்கா இத்தன நாளு பயந்தோம்?" என்றீர்கள். ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். முடிவு நாம் பயந்தபடியே வந்தது. அக்குள் வரைக்கும் போயிருந்தது. டாக்டர் சொல்லும்போது நீங்கள் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு சொட்டு கண்ணீர் இல்லை. அடுத்த முறை போனபோது அதே வராந்தாவில் சுமித்ரா வந்து நின்றாள். அவளுக்கு இருந்தது வெறும் நீர்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதிக்கொடுத்திருந்தார்கள். அதைக் கேட்டதும்தான் நீங்கள் உட்கார்ந்து அழுதீர்கள். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதீர்கள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் ஜிலேபி வாங்கி அவளுக்கும் எனக்கும் கொடுத்தீர்கள்.

சென்னையில் ஆபரேஷன், மருந்து ஏற்றுவது எல்லாம் முடிந்து தலையில் ஸ்கார்ஃபோடு திரும்பி வந்தீர்கள். கடையை மூடிவிடுவீர்கள் என்று நினைத்தேன். திறந்தீர்கள். சூட்டுப் படத்தைக் கழற்றிவிட்டு, டூரிஸ்டுகளுக்குச் சாறு ஊற்றினீர்கள், பிள்ளை பெற்றவர்களுக்குப் பால்கட்டுக்கு இலை வாட்டினீர்கள். எனக்கு ஆச்சரியம், ஊர் சிரித்துவிட்டுப் போகவில்லை. பெண்கள் மறுபடியும் உங்களிடம்தான் வந்தார்கள். ஆனால் கட்டி என்று யார் வந்தாலும் இப்போது ஒரு சட்டம் போட்டிருந்தீர்கள். "மொதல்ல மிஸ்ஸி கைய வச்சுப் பாக்கட்டும். அவங்க எழுதுனா பெரிய ஆஸ்பத்திரியில போட்டோ. ஒண்ணுமில்லைன்னு சொல்லட்டும், அப்புறம் வா, எலை கட்டுறேன்." மேமோவுக்கு நீங்கள் வைத்த பேர் போட்டோ. இந்தியில் இதைச் சுருக்கி, பெஹலே போட்டோ, பாத் மே பத்தா, முதலில் போட்டோ பிறகு இலை, என்று ஆக்கிக்கொண்டீர்கள். என் திரைக்குப் பின்னால் பெண்கள் வரத் தொடங்கியது அதற்கப்புறம்தான். இத்தனை வருஷம் நான் தொண்டை கிழியக் கத்தியும் ஆகாததை, உங்கள் ஒரு வாட்டிய இலை செய்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் சண்டையை நான் விடவில்லை. "ஒண்ணுமில்லைன்னு ஆஸ்பத்திரியே சொல்லியாச்சு. அப்புறம் எதுக்குக்கா எலை?" என்றேன்.

"பயந்து செத்துப்போய் போட்ல வந்து எறங்குதுங்க. நல்ல சேதிதான், ஆனா ஒடம்பு நடுங்குறது நிக்கல. வெறுங்கையோடயா வீட்டுக்கு அனுப்புறது? சூடா எதையாச்சும் ஒண்ணு வச்சுவிடணும்ல."

அன்று முதல், பார்ப்பதற்கு முன் என் கைகளை வெந்நீரில் வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். முடிந்த பிறகு ஒரு தம்ளர் டீ கொடுக்கிறேன். அரசாங்கத்தில் டீக்குக் கணக்கு கிடையாது, என் வீட்டுத் தூள்தான்.

நல்ல வருஷங்கள் சில கிடைத்தன நமக்கு. பிறகு அது எலும்பில் திரும்பி வந்தது. மறுபடியும் சென்னைக்குப் போக மாட்டேன் என்றீர்கள். நான் வாதாடவில்லை, டாக்டரும் வாதாடவில்லை. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். மத்தியான வேளையில் வந்து உங்கள் பக்கத்தில் உட்காருவேன். கடைக்கதை, ஊர்க்கதை எல்லாம் பேசுவோம். கச்சாலில் உங்கள் அம்மா ரப்பர் பால் எடுக்கப் போகும்போது உங்களை மரத்தடியில் படுக்கவைத்த கதையை நீங்கள் சொல்லச் சொல்ல எனக்கு அலுக்கவே இல்லை.

அப்படி ஒரு மத்தியானம், மாத்திரை கொடுத்துவிட்டு எழுந்தேன். நீங்கள் என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"மிஸ்ஸி, ஊருக்கெல்லாம் நீங்க பாக்குறீங்க. உங்களுக்கு யாரு பாக்குறா?"

சிரித்தேன். யார் பார்ப்பார்கள்? வீட்டுக்காரர் கப்பலில் வேலை, வீட்டில் இருக்கிற நாளைவிடக் கடலில் இருக்கிற நாள்தான் அதிகம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே, நானே பார்த்துக்கொள்வேன் என்றேன். "பாத்தீங்களா?" என்று கேட்டீர்கள். நான் முந்தானையை விடுவிக்கப் பார்த்தேன்.

"படுங்க" என்றீர்கள்.

தலையணையை முட்டுக்கொடுத்து உங்களை உட்காரவைத்தேன். பாயில் உங்கள் பக்கத்தில் படுத்தேன். எத்தனையோ பெண்களை ரவிக்கையைக் கழற்றச் சொன்ன எனக்கு, என் கொக்கியைக் கழற்ற விரல் வரவில்லை. வெட்கமா பயமா தெரியவில்லை. என் பெண்களுக்கு எல்லாம் அது எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து, நான் பார்ப்பதை நீங்கள் பக்கத்திலிருந்து பல தடவை பார்த்திருக்கிறீர்கள். அதே மாதிரி மூன்று விரலையும் தட்டையாக வைத்து, வட்டமாக, அவசரப்படாமல் தடவினீர்கள். எலும்பும் தோலுமான விரல்கள். சூடாக இருந்தன. நடுவில் களைத்துப் போய் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடியும் தொடர்ந்தீர்கள். அக்குளை விடவில்லை. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு அழுதேன். என் அம்மா போன பிறகு என் உடம்பை இத்தனை அக்கறையாக யாரும் தொட்டதில்லை அக்கா.

முடித்து, என் சேலையை நீங்களே இழுத்துப் போர்த்திவிட்டீர்கள்.

"ஒண்ணும் இல்ல மிஸ்ஸி" என்றீர்கள். நான் நிம்மதியாக எழுந்திருக்கப் போனேன். தோளில் கையை வைத்து அழுத்தினீர்கள்.

"ஆனா என் கைய நம்பாதீங்க. போய் போட்டோ எடுத்துருங்க."

அந்த வாரமே போனேன். எடுத்தேன். ஒன்றும் இல்லை என்று வந்து சொன்னேன். கேட்டுக்கொண்டு தூங்கிப்போனீர்கள். அதற்குப் பிறகு அதிக நாள் நீங்கள் இருக்கவில்லை.

ஆயுசு முழுக்க உங்கள் கையை நம்பிப் பெண்கள் வந்தார்கள். அந்தக் கைதான் உங்கள் கடை, உங்கள் பேர், உங்கள் சோறு. அதை நம்பாதே என்று சொல்ல உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். இன்றைக்கும் பெண்கள் நாள்தான். வயதும் சந்தேகமும் பார்த்து எழுதிக்கொடுப்பது என் வேலை. எழுதிக்கொடுத்த பிறகும் அவர்கள் தயங்குவார்கள். "உங்க கையே சொல்லிருச்சே தீதி, ஒண்ணுமில்லன்னு" என்பார்கள். அப்போது நான் அவர்கள் தோளில் கையை வைத்து, என் கைய நம்பாதீங்க, போய் எடுத்துட்டு வாங்க என்கிறேன். நர்ஸே இப்படிச் சொல்கிறாளே என்று ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஆனால் போய்விடுகிறார்கள், அக்கா. போட் ஏறிப் போய்விடுகிறார்கள்.